புதிய பிக்கப்பில் பழைய டீசல் எஞ்சின்: கழற்றுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

மின்னணுக் கட்டுப்பாடு ஏதும் இல்லாத பழைய டீசல் எஞ்சின் ஒன்றை, ஒரு டஜன் கணினித் தொகுதிகள் ஓயாமல் செய்தி பரிமாறிக்கொண்டே ஓடும் புதிய பிக்கப்பில் பொருத்த நினைப்பவர்கள், பானெட்டைத் திறந்து டேப்பை வைத்து, எஞ்சின் உள்ளே உட்காருமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். உட்கார வைப்பது உடல் உழைப்பு. வெல்டிங்கும் லேத் வேலையும் தெரிந்தவர்கள் கையில் அது எப்படியும் முடிந்துவிடும். இத்தகைய வேலைகள் மாதக்கணக்கில் இழுப்பதற்கும், பாதி முடிந்த வண்டி ஷெட்டின் மூலையில் தூசி படிந்து நிற்பதற்கும் பெரும்பாலும் காரணம் வேறு: கழற்றப்பட்ட எஞ்சின் அந்த வண்டிக்கு என்னென்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே முதல் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டியது அந்தப் பட்டியல்தான்.

பேச்சு தெளிவாக இருக்க ஓர் எஞ்சினை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். டாட்ஜ் ராம் பிக்கப்புகளில் 1989 மாடலில் அறிமுகமாகி 1998 வரை வந்த கம்மின்ஸ் 6பிடி, இத்தகைய மாற்றங்களுக்கு மிகுதியாகத் தேடப்படும் எஞ்சின். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் இது 5.9 லிட்டர் கொள்ளளவும், 102 மி.மீ. போரும், 120 மி.மீ. ஸ்ட்ரோக்கும், சிலிண்டருக்கு இரண்டாக 12 வால்வுகளும் கொண்டது. 1993 வரை வந்தவற்றில் பாஷ் நிறுவனத்தின் விஇ ரோட்டரி பம்ப்பும், 1994 முதல் அதே நிறுவனத்தின் பி7100 இன்லைன் பம்ப்பும் இருந்தன. இரண்டுமே முழுக்க இயந்திர முறையில் டீசலை அளந்து கொடுப்பவை என்பதால், டீசலை நிறுத்தும் சொலினாய்டுக்கு மின்சாரம் கிடைத்தால் போதும், எஞ்சின் ஓடும். அந்த எளிமைக்காகத்தான் மக்கள் இதைத் தேடுகிறார்கள். புதிய வண்டியோடு இது ஒத்துப்போகாமல் முரண்டு பிடிப்பதற்கும் அதே எளிமைதான் காரணம்.

முதலில் சட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் தள்ளிப்போட முடியாது. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், வண்டியோடு வந்த மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடை செய்கிறது. எஞ்சின் மாற்றப்பட்ட வண்டி, சேஸிஸின் மாடல் ஆண்டுக்கோ அதற்குப் பிந்தைய ஆண்டுக்கோ சான்று பெற்ற ஓர் அமைப்பை ஒத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. அதாவது பழைய வண்டியில் புதிய எஞ்சினை ஏற்ற வழி உண்டு. 2012 சேஸிஸில் 1995 எஞ்சினை ஏற்றிவிட்டுப் பொதுச் சாலையில் ஓட்ட வழி இல்லை. வேறு பல நாடுகளிலும் எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதால், மாற்றத்துக்கு முன் அனுமதி தேவைப்படும். பண்ணைக்குள் மட்டும் ஓடும் வண்டி என்பதாலேயே விதி தானாக விலகிவிடாது. பதிவு அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே காசைச் செலவழிக்க வேண்டும்; வாய்மொழியாகக் கிடைக்கும் "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலுக்கு மதிப்பு இல்லை.

கழற்றும் எஞ்சின் என்னென்ன கொடுத்தது?

வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கணக்கை எடுக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுத்தது. டீசல் எஞ்சினின் இன்டேக்கில் அந்த வெற்றிடம் இருக்காது என்பதால் தனி வேக்கம் பம்ப்போ, பவர் ஸ்டீயரிங் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பூஸ்டரோ தேவைப்படும். பவர் ஸ்டீயரிங் பெல்ட்டில் ஓடுகிறதா, மின்மோட்டாரில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மின்மோட்டார் என்றால், எஞ்சின் ஓடுகிறது என்ற செய்தி வரும்வரை உதவியே தராத வண்டிகள் உண்டு. ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைச் சில தயாரிப்புகளில் எஞ்சின் கணினிதான் கட்டுப்படுத்துகிறது. ரேடியேட்டர் ஃபேன், ஏசி கம்ப்ரசர் கிளட்ச், ஆட்டோமேட்டிக் கியர் மாற்றம், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர், செல்ஃப் மோட்டாருக்கான ரிலே ஆகியவையும் எஞ்சின் கணினியின் உத்தரவுக்குக் காத்திருக்கக்கூடும். ஆக்ஸிலரேட்டர் பெடலில் கேபிள் இருக்கிறதா, வெறும் சென்சார்தானா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாடலுக்கான வயரிங் வரைபடத்தை முழுமையாகப் பெற்று, எஞ்சின் கணினிக்குள் போகும் ஒவ்வொரு கம்பியையும் வைத்திருக்க வேண்டியது, வெட்டலாம், போலிச் சமிக்ஞை தர வேண்டியது என்று மூன்று நிறங்களில் குறித்து வைப்பது சலிப்பான வேலைதான். ஒரு வார இறுதி அதற்கே போனாலும் அதைச் செலவு என்று நினைக்கத் தேவையில்லை.

எஞ்சினைத் தேர்ந்தெடுத்தல்

தனியாகக் கிடக்கும் எஞ்சினைவிட, அது ஓடிக்கொண்டிருக்கும் முழு வண்டியையே வாங்குவது நல்லது என்பது என் கருத்து. விலை கூடுதலாகத் தோன்றினாலும், பெல் ஹவுசிங் அடாப்டர், ஃப்ளைவீல், மவுண்ட் பிராக்கெட்டுகள், இன்டர்கூலர் குழாய்கள், கேபிள் பெடல், வேக்கம் பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தேடி அலையும்போது அந்த வித்தியாசம் மறைந்துபோகும். வண்டியாக இருந்தால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்கவும் முடியும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேல் தலைகீழாக வைத்தால், நல்ல எஞ்சினில் அது லேசாக அதிர்ந்துகொண்டு நிற்கும்; புகை குப்பென்று வந்து மூடியைத் தள்ளிவிட்டால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதும், டிப் ஸ்டிக்கில் வெண்மையான குழம்பு படிவதும் வாங்காமல் திரும்புவதற்குப் போதுமான காரணங்கள்.

எஞ்சின் வெளியே ஸ்டாண்டில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த 12 வால்வு எஞ்சினின் முன்பக்கத்தில் டைமிங் கியர்கள் இருக்கும் அலுமினிய உறையை, பிளாக்கோடு சரியாகப் பொருந்தி நிற்கச் செய்ய ஒரு சிறிய இரும்பு டவல் பின் செருகப்பட்டிருக்கிறது. பல ஆண்டு அதிர்வில் அது மெல்ல வெளியே நகர்ந்து, ஒருநாள் சுழலும் கியர்களுக்கு நடுவே விழுந்தால், உறை பிளந்து ஆயில் கொட்டும். நேரம் சரியில்லை என்றால் கியர் பற்களே உடைந்து வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். முன் மூடியைக் கழற்றி, அந்த டவல் பின் இருக்கும் துளையின் மேல் ஒரு சின்ன உலோகத் தகட்டை வைத்து, பக்கத்து போல்ட்டுக்கு அடியில் அதன் முனை சிக்கும்படி இறுக்கிவிட்டால், டவல் பின் வெளியே வர முடியாது. போல்ட்டுக்கு இழை ஒட்டும் பசையும் இட வேண்டும். எஞ்சின் வெளியே இருக்கையில் கைக்கு எட்டும் வேலை இது; வண்டிக்குள் ஏறிய பிறகு ரேடியேட்டர், ஃபேன், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றினால்தான் எட்டும்.

அதே நேரத்தில் கிராங்க்கின் முன், பின் ஆயில் சீல்களையும், தண்ணீர் பம்ப்பையும், தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடலாம். டேப்பட் இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் இன்டேக்குக்கு 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.51 மி.மீ. என வைக்க வேண்டும்.

உட்கார வைத்தல்

ஆயில் இல்லாமலேயே ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள எஞ்சின் இது. பெட்ரோல் வண்டியிலிருந்து கழற்றப்பட்ட அலுமினிய வி8 பெரும்பாலும் அதில் பாதியளவே இருக்கும். கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில் முன் ஆக்ஸிலின் அனுமதிக்கப்பட்ட எடை எழுதியிருக்கும். மாற்றத்துக்கு முன்பே வண்டியின் முன்பக்கத்தை மட்டும் எடை மேடையில் ஏற்றி எடுத்த அளவோடு கூடுதல் எடையைச் சேர்த்துப் பார்த்து, தகட்டின் எல்லையைத் தாண்டினால் அந்த வண்டி இந்த எஞ்சினுக்கு ஏற்றதல்ல. கனமான ஸ்பிரிங் போட்டால் உயரம் சரியாகும். ஆக்ஸில், பேரிங், பிரேக் ஆகியவற்றின் தாங்குதிறன் அதனால் அதிகரிக்காது. குறைந்த எடைப் பிரிவுப் பிக்கப்புகளைவிட, டீசல் எஞ்சினோடும் விற்கப்பட்ட கனரகப் பிரிவு சேஸிஸ் இந்த வேலைக்குப் பொருத்தமாக இருப்பது இதனால்தான்.

நீளமான எஞ்சின் என்பதால் ஃபயர்வாலுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இடம் நெருக்கமாக இருக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது கீழே: முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் சஸ்பென்ஷன் கொண்ட நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன் டிஃபரென்ஷியல் எஞ்சினுக்கு அடியிலேயே நிற்கும், ஆயில் சம்ப் அதில் இடிக்கும். சம்ப்பை வெட்டி ஒட்டும்போது ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய் சம்ப்பின் அடித்தட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் இருக்க வேண்டும். எஞ்சினைத் தூக்கி இடத்தைச் சரி செய்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், பானெட் மூடுகிறதா என்று கேளுங்கள்.

மவுண்ட் பிராக்கெட்டுகளை முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் செய்து, கியர்பாக்ஸையும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் மாட்டி, கோண அளவியால் சரிவைப் பார்க்க வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்பக்கம் மூன்று டிகிரி அளவுக்குத் தாழ்ந்திருப்பது வழக்கம். பின் டிஃபரென்ஷியலின் பினியன் அதே அளவு மேல்நோக்கி, அதாவது இரண்டு அச்சுகளும் இணையாக இருந்தால்தான் யுனிவர்சல் ஜாயின்ட்டுகளின் அதிர்வு ஒன்றையொன்று சமன் செய்யும். இதை டயர்கள் தரையில் இருக்க, வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் இருக்கும்போது அளக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் எடுத்த கோணம் பயன்படாது.

அடாப்டர் தகடு வைத்துப் புதிய கியர்பாக்ஸை இணைக்கும்போது, ஃப்ளைவீலில் டயல் கேஜைக் கட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளை மையத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்த ஆட்டம் 0.13 மி.மீ. அளவுக்குள் இருப்பது நல்லது. தாண்டினால் மையம் விலக்கிச் செய்யப்பட்ட டவல் பின்களைப் போட்டுத் திருத்தலாம். பலர் தவிர்க்கும் சோதனை இது. தவிர்த்தவர்களின் கிளட்ச் கனப்பதும், கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரம் அலறுவதும் பிறகு "பழைய எஞ்சினின் இயல்பு" என்று பெயர் பெற்றுவிடுகின்றன.

கியர் விகிதம் தனிக் கணக்கு. இந்த எஞ்சின் 2,500 சுற்றைத் தாண்டி வேலை செய்ய விரும்பாது. பெட்ரோல் வண்டியின் ஆக்ஸிலோ அதிகச் சுற்றை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 80 செ.மீ. விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.51 மீட்டர் நகரும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 663 முறை சுற்றும். ஆக்ஸில் விகிதம் 4.10, மேல் கியர் 1:1 என்றால் எஞ்சின் 2,700 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டிருக்கும். 0.75 ஓவர்டிரைவ் இருந்தால் 2,040, ஆக்ஸிலையும் 3.55-ஆக மாற்றினால் 1,766. உங்கள் டயரின் அளவை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே கியர்பாக்ஸ் வாங்க வேண்டும்.

வயரிங்: வேலையின் பெரும்பகுதி

புதிய பிக்கப்பின் தொகுதிகள் கேன் என்னும் இரட்டைக் கம்பி வலையில் பேசுகின்றன. அந்த வலையின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, டயக்னாஸ்டிக் சாக்கெட்டின் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் அருகில் காட்டும். (நடுவில் கேட்வே தொகுதி உள்ள வண்டிகளில் இந்த அளவு அந்தச் சிறு பகுதிக்கு மட்டுமே பொருந்தும்.) பல வண்டிகளில் அந்த இரண்டு மின்தடைகளில் ஒன்று எஞ்சின் கணினியின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சினோடு கணினியையும் தூக்கிப் போட்டுவிட்டால் அளவு 120 ஓம் ஆகிவிடும். பிறகு வைப்பர் தானாக ஓடும், மீட்டர் முள் துள்ளும், கதவுப் பூட்டு வேலை செய்யாது, எந்தக் கம்பியிலும் பழுது கண்டுபிடிக்க முடியாது. மாற்றத்துக்கு முன்பு இந்த அளவை எடுத்து எழுதி வைப்பதும், கணினியை நீக்கினால் அதன் இடத்தில் ஒரு 120 ஓம் மின்தடையை முறையாகப் பொருத்துவதும் சில நிமிட வேலை.

கணினியை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அதை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய எஞ்சினில் புதிய சென்சார்களைப் பொருத்தி வெப்பம், ஆயில் அழுத்தம், கிராங்க் சுற்று ஆகியவற்றைக் கொடுப்பது. இம்மொபிலைசரும் மீட்டர் போர்டும் இதில் உயிரோடு இருக்கும். ஆனால் இல்லாத இன்ஜெக்டர்களையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் தேடி அது பழுதுக் குறியீடுகளைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். இரண்டாவது, எஞ்சின் கணினியைப் போலவே வலையில் செய்தி அனுப்பும் தனித் தொகுதி ஒன்றைப் பொருத்துவது. உங்கள் மாடலுக்கென்றே அத்தகைய தொகுதி கிடைக்குமானால் இதுவே சிறந்த வழி. மூன்றாவது, மீட்டர் போர்டைக் கைவிட்டு ஆயில் அழுத்தம், தண்ணீர் வெப்பம், பூஸ்ட், எக்ஸாஸ்ட் வெப்பம் ஆகியவற்றுக்குத் தனி மீட்டர்களை வைப்பது. மலிவானதும் நம்பகமானதும் இந்த மூன்றாவது வழிதான். ஆனால் இதில் ஏபிஎஸ் தொகுதிக்கு எஞ்சின் டார்க் பற்றிய செய்தி கிடைக்காததால், வழுக்கல் கட்டுப்பாடு நின்று அதன் விளக்கு எரிந்துகொண்டே இருக்கக்கூடும். ஏபிஎஸ் மட்டுமாவது வேலை செய்கிறதா என்பதை மண் தரையில் பிரேக் அடித்து உறுதி செய்துகொள்ளாமல் வண்டியை யாருக்கும் ஓட்டக் கொடுக்கக் கூடாது.

எஞ்சினுக்கே உரிய மின்வேலை கொஞ்சம்தான். பி7100 பம்ப்பின் சொலினாய்டில் இரண்டு சுருள்கள் உண்டு: இழுக்கும் சுருள் பெருமளவு மின்சாரம் எடுக்கும், பிடித்து வைக்கும் சுருள் குறைவாக எடுக்கும். இழுக்கும் சுருளுக்குச் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும், தடித்த கம்பியும் ரிலேயும் வழியாக மின்சாரம் போக வேண்டும். தொடர்ந்து கொடுத்தால் எரிந்துபோகும். இன்டேக்கில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர் நூறு ஆம்பியருக்கும் மேல் எடுக்கும் என்பதால் அதற்குரிய பெரிய ரிலேக்களும், இணையாக இரண்டு பேட்டரிகளும் தேவை. எஞ்சின் பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கும், பிளாக்கிலிருந்து பாடிக்கும் தனித்தனி எர்த் பட்டைகள், பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தின் மேல், இறுக்கமாக இருக்க வேண்டும். சென்சார் ஆக்ஸிலரேட்டர் பெடல் உள்ள வண்டியில் கேபிள் பெடலைப் பொருத்தும்போது, பெடல் தரையைத் தொடும் இடத்தில் பம்ப் லீவரும் முழுமையாகத் திறந்து, காலை எடுத்தவுடன் ஸ்பிரிங் அதை முழுமையாகத் திருப்பிக் கொண்டுவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

டீசலும் தண்ணீரும்

பெட்ரோல் ஓடிய டேங்க்கைக் கழற்றிக் கழுவி உலர்த்தி, உள்ளே இருக்கும் பம்ப்பை நீக்கி, உறிஞ்சும் குழாயோடு திரும்பி வரும் டீசலுக்கும் ஒரு குழாய் பொருத்த வேண்டும். பெட்ரோல் பம்ப்பை அப்படியே பயன்படுத்தலாம் என்ற யோசனை பலருக்கும் வரும். அது 4 பார் அளவில் தள்ளக்கூடியது. விஇ பம்ப்பின் ஷாஃப்ட் சீல் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது, டீசல் டைமிங் உறைக்குள் கசிந்து ஆயிலோடு கலந்துவிடும். டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்க, பழைய எஞ்சினோடு வந்த லிஃப்ட் பம்ப்பும், அதற்கு முன் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியும் போதும். உறிஞ்சும் பக்கத்தில் ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் வெளியே டீசல் சொட்டாது, உள்ளே காற்று போகும். காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

ரேடியேட்டர் டீசல் மாடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். அதன் முன் இன்டர்கூலருக்கும் ஏசி கண்டன்சருக்கும் இடம் விட வேண்டும். டர்போவிலிருந்து கீழிறங்கும் எக்ஸாஸ்ட் குழாய் பிரேக் குழாய்களையும் ஹார்னஸையும் ஒட்டிப் போனால் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம்.

முதல் ஸ்டார்ட்

சொலினாய்டின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, டர்போவுக்குள் ஆயில் வரும் குழாயைத் திறந்து கொஞ்சம் ஆயில் ஊற்றி, மீட்டரில் ஆயில் அழுத்தம் ஏறும்வரை செல்ஃப் மட்டும் அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 20 வினாடிக்கு மேல் போகாமல், நடுவில் இரண்டு நிமிடம் மோட்டாருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பிறகு சொலினாய்டின் கம்பியை மீண்டும் மாட்டி, வடிகட்டியிலிருந்து தொடங்கி ஏர் எடுத்து, நாசில்களின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடிக்கும்போது நுரையில்லாத டீசல் வந்தவுடன் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அந்த வேலையின்போது முகமும் கையும் தள்ளி இருக்கட்டும்: நாசில் திறக்கும் அழுத்தம் 200 பாருக்கும் மேல், அது தோலைத் துளைத்து உள்ளே போகும், சிறு புள்ளி போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. கிரிட் ஹீட்டர் இணைக்கப்பட்டிருக்கும்போது ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது, இன்டேக்கிலேயே வெடிக்கும்.

இன்டேக் வாயை முழுவதும் மூடக்கூடிய தட்டையான பலகை ஒன்றை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பம்ப் லீவர் சிக்கினாலோ டர்போ சீல் ஆயிலை உள்ளே விட்டாலோ, டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் சுற்று ஏறிக்கொண்டே போகும். காற்றை அடைப்பதுதான் அதை நிறுத்தும் வழி. கையாலோ துணியாலோ அடைக்க முயல்வது ஆபத்து.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிலேயே விட்டு, ஆயில் அழுத்தம், கசிவு, தண்ணீர் மட்டம் ஆகியவற்றைப் பார்த்து, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். முதல் ஓட்டம் குறுகியதாக, பாரமில்லாமல் இருக்கட்டும். திரும்பி வந்ததும் மவுண்ட் போல்ட்டுகள், பெல் ஹவுசிங் போல்ட்டுகள், இன்டர்கூலர் கிளாம்ப்புகள் எல்லாவற்றிலும் மீண்டும் ஸ்பேனர் வைக்க வேண்டும். நாசில்களுக்குப் போகும் உயர் அழுத்தக் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு கிளாம்ப்புகளில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அந்தக் குழாய் அதிர்ந்து வெடிக்கும் என்பதால் அவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு எடை மேடையில் முன் ஆக்ஸிலைத் திரும்ப அளந்து, புதிய உயரத்துக்கு ஏற்பச் சக்கர அலைன்மென்ட்டையும் ஹெட்லைட்டின் கோணத்தையும் திருத்தலாம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி, கழற்றிய ஆயில் ஃபில்டரின் உறையை அறுத்து, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பு மசி இயல்பானது. பேரிங்கின் செம்பு நிறத் துகளோ, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகளோ மின்னினால், டைமிங் மூடியையும் சம்ப்பையும் கழற்றிப் பார்க்காமல் அந்த எஞ்சினை மேலும் ஓட்டக் கூடாது.